அசையாமல் இருபது நிமிடம்

பிப்ரவரி முடியும் வாரத்தில் இண்டியானாபோலிஸில் லிஃப்டுகள் சிறுத்துவிடும். பன்னிரண்டு பேர் ஏறலாம் என்று பலகை போட்ட லிஃப்டில் மூன்று பையன்கள் ஏறிவிட்டால் நான் அடுத்ததுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். எல்லாருக்கும் இருபத்தொன்று, இருபத்திரண்டு வயது. சிலர் ஆறரை அடி உயரம், நூற்று நாற்பது கிலோ எடை. முகம் மட்டும் பரீட்சை ஹாலுக்கு வெளியே நிற்கும் பிள்ளைகளின் முகம்.

கல்லூரியில் அமெரிக்கக் கால்பந்து ஆடி முடித்தவர்களை என்.எஃப்.எல். லீகின் 32 அணிகளும் ஏப்ரலில் வரிசை போட்டு எடுத்துக்கொள்ளும். அதற்குப் பெயர் டிராஃப்ட். போன பருவத்தில் மோசமாகத் தோற்ற அணிக்கு முதல் உரிமை. மொத்தம் ஏழு சுற்று. எந்த ஊருக்குப் போகலாம் என்று பையனை யாரும் கேட்பதில்லை. எடுத்த அணியின் ஊர்தான் அவன் ஊர். அதற்கு முன்னால் முந்நூறுக்கு மேற்பட்டவர்களை எங்கள் ஊருக்கு வரவழைத்து ஒரு வாரம் அளந்து பார்ப்பார்கள். இதைக் கம்பைன் என்கிறார்கள். 1987 முதல் இங்கேதான் நடக்கிறது.

உயரம், எடை, கை நீளம். நாற்பது கெஜம் ஓட எத்தனை நொடி. 225 பவுண்டு இரும்பை மல்லாந்து படுத்து எத்தனை தடவை தூக்குகிறான். நின்ற இடத்திலிருந்து எவ்வளவு எம்புகிறான். விரித்த கையில் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை எத்தனை அங்குலம், அதாவது நம் சாண். குவார்ட்டர்பேக் என்னும் பந்து வீசுகிறவனுக்கு இந்தச் சாண் முக்கியமாம். 2020-இல் ஜோ பரோவின் சாண் ஒன்பது அங்குலம்தான் என்று பேச்சாகி, பந்து கையில் நிற்காது போலிருக்கிறது, ஓய்வு பெற்றுவிடலாம் என்று அவரே கேலியாக எழுதினார். இரண்டு வருஷத்தில் அதே கையோடு தன் அணியை இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் வரை கொண்டுபோனார். எண்சாண் உடம்பு என்று சொல்லிப் பழகிய நமக்கு ஒரு சாணைப் பற்றி இவ்வளவு விசாரம் கொஞ்சம் வேடிக்கைதான்.

இவை தொலைக்காட்சியில் வருபவை. வராதது மருத்துவப் பரிசோதனை. உண்மையில் கம்பைன் தொடங்கியதே அதற்காகத்தான் என்பார்கள். எல்லா அணிகளின் மருத்துவர்களும் ஒவ்வொரு பையனையும் தொட்டு, மடக்கி, முறுக்கிப் பார்ப்பார்கள். சந்தேகம் வந்த இடத்தைப் படம் எடுக்க அனுப்புவார்கள். அங்கேதான் நான் வருகிறேன். இந்த ஊர் மருத்துவமனை ஒன்றில் எம்.ஆர்.ஐ. டெக்னாலஜிஸ்ட். அந்த வாரம் எனக்கு இரவு ஷிஃப்ட்.

எங்களுக்குள் பெயர் புழங்காது. 'ஏழரைக்கு ஒரு வலது மூட்டு, எட்டே காலுக்கு ஒரு தோள்' என்போம். மூட்டுக்கு இருபது நிமிடம் ஆகும். காலைச் சுருளுக்குள் வைத்துக் கட்டி, காதுக்கு அடைப்பான் கொடுத்து, கையில் அவசரப் பந்தைத் திணித்துவிட்டு, அசையாதே என்று சொல்லிக் கண்ணாடிக்குப் பின்னால் வந்து உட்கார்வேன். ஓடுவதற்காகவே வளர்த்த உடம்பிடம் நான் கேட்பது அது ஒன்றுதான். நல்ல லிகமெண்ட் படத்தில் கறுப்பு நாடாவாகத் தெரியும். கிழிந்திருந்தால் நீர் கோத்து வெள்ளையாக மின்னும். பள்ளிக்கூட நாளிலேயே அறுவை செய்து திருகு வைத்திருந்தால் அந்த இடத்தில் படம் நெளிந்து குழி விழுந்ததுபோல் இருக்கும். பதினாறு வயதில் எந்த ஊர் மைதானத்திலோ அவன் விழுந்தது அங்கே அப்படியே இருக்கிறது. விழுந்ததைத்தான் என் இயந்திரம் காட்டும். இனி எழுவானா என்று அதற்குத் தெரியாது. ஆனால் படத்தைக் கேட்டு வாங்குகிறவர்களுக்கு வேண்டியது அதுதான்.

இந்த வேலைக்கு வந்த புதிதில் எனக்கு ஞாபகம் வந்தது அப்பாவின் குடம்.

அப்பா மாயவரத்தில் தமிழாசிரியர். ஆதீனத்துச் சைவ சித்தாந்த வகுப்புக்குத் தவறாமல் போவார். போய்விட்டு வந்து, கேட்டதை எங்கள்மேல் ஒத்திகை பார்ப்பார். குடம் மண்ணுக்குள் முன்னமே இருக்கிறது, இல்லாத ஒன்று ஒருநாளும் தோன்றாது என்பது முதல் பாடம். மணலைச் செக்கில் போட்டு ஆட்டினால் எண்ணெய் வருமா? எள்ளில் இருக்கிறது, வருகிறது. இதற்குச் சற்காரியவாதம் என்று பெயர். தருக்க நூலார் இதை ஒப்பமாட்டார்கள். குடம் புதிதாகத்தான் பிறக்கிறது, முன்னமே இருந்தால் குயவன் எதற்கு என்பார்கள். அதற்கு அப்பாவிடம் பதில் உண்டு. மண் முதற்காரணம். சக்கரமும் தண்டும் துணைக்காரணம். குயவன் நிமித்த காரணம். உள்ளே இருப்பது வெளியே வர மூன்றும் கூடவேண்டும்.

பத்து வயதில் நான் கேட்டேன்: "அப்ப நான் கணக்குல பெயிலாகப் போறதும் இப்பவே உள்ள இருக்காப்பா?"

"நோட்டை எடு" என்றார்.

டிராஃப்டுக்கு ஆள் பார்க்கிறவர்கள் எல்லாரும் தெரியாமலே சற்காரியவாதிகள். நாளைக்கு ஜெயிக்கப்போகிறவன் இன்றைக்கே இந்தப் பையனுக்குள் இருக்கிறான், சரியான அளவுகோல் வைத்தால் கண்டுபிடித்துவிடலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. நம்பிக்கைக்கு மாறாக வந்த சாட்சிகள் ஏராளம். டாம் பிரேடி கதை இங்கே குழந்தைகளுக்கும் மனப்பாடம், ஆகவே சுருக்கமாக: 2000-ஆம் ஆண்டு கம்பைனில் நாற்பது கெஜத்தை 5.28 நொடியில் ஓடினார், சட்டையில்லாமல் எடுத்த அவர் படத்தை இன்றும் சிரிப்பதற்காகப் போடுவார்கள், ஆறு குவார்ட்டர்பேக்குகளை எடுத்தபின் 199-வது ஆளாக எடுத்தார்கள், ஏழு சூப்பர் பவுல் வென்றார். ஒரு பிரேடியை வைத்து முடிவு கட்டக்கூடாது என்றால், கேட் மாசியும் பின்னாளில் பொருளாதார நோபல் பெற்ற ரிச்சர்ட் தேலரும் சேர்ந்து பல ஆண்டு டிராஃப்டுகளைக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். ஒரே இடத்துக்கு அடுத்தடுத்து எடுத்த இருவரில் முன்னால் எடுத்தவன் உண்மையிலேயே மேலானவனாக அமைவது நூற்றுக்கு 52 தடவை. காசு சுண்டிப் பார்த்திருந்தாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் வந்திருக்கும்.

அப்படியானால் தருக்க நூலார் சொன்னதுதான் சரியோ? உள்ளே ஒன்றுமே இல்லையோ? இந்தக் கேள்வியோடு நான் சில வருஷம் இருந்தேன். 2018-இல் அப்பாவே வந்தார்.

பேரன் பிறந்தநாளுக்கு வந்து குளிரில் மாட்டிக்கொண்டார். வீட்டுக்குள்ளேயே குரங்குக் குல்லாய், மேலே என் கணவரின் கோட்டு. மார்ச் முதல் வாரம் எனக்கு லீவு கிடைத்த ஒரு நாள், இருவரும் சோபாவில் உட்கார்ந்து கம்பைன் பார்த்தோம். ஷக்கீம் கிரிஃபின் என்ற பையன் வந்தான். பிறவிக் கோளாறால் நாலு வயதிலேயே இடது கையை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் செயற்கைக் கை மாட்டிக்கொண்டு 225 பவுண்டை இருபது தடவை தூக்கினான். நாற்பது கெஜத்தை 4.38 நொடியில் ஓடினான். அரங்கமே எழுந்து கத்தியது. அப்பா குல்லாயைக் காதுக்கு மேலே தள்ளிக்கொண்டு கேட்டார்:

"இந்தப் பிள்ளைக்கும் சாண் அளந்தாங்களா?"

அதே வாரம் ஆர்லாண்டோ பிரவுன் ஜூனியரும் வந்தார். ஓக்லஹோமாவின் மலை. கல்லூரியில் அவரைத் தாண்டிப் போனவர்கள் குறைவு. கம்பைனில் பதினாலு தடவைதான் தூக்கினார். ஓட்டம் 5.85 நொடி. வர்ணனையாளர்கள் துக்கவீட்டுக் குரலுக்கு மாறிவிட்டார்கள். முதல் சுற்றில் போவார் என்றிருந்தவர் மூன்றாம் சுற்றுக்குச் சரிந்து, இறந்துபோன அவர் தந்தை ஆடிய பால்டிமோர் அணிக்கே போய்ச் சேர்ந்தார். பிறகு நட்சத்திர ஆட்டங்கள், 2023-இல் கான்சாஸ் சிட்டியோடு சூப்பர் பவுல் வெற்றி. கிரிஃபினை ஐந்தாம் சுற்றில் சியாட்டில் எடுத்தது. அவருடைய இரட்டைச் சகோதரர் அங்கே முன்பே ஆடிக்கொண்டிருந்தார். மூன்று பருவம் ஆடி, 2022-இல் ஓய்வு பெற்றார். அவர் தோற்றார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த மார்ச் மாதத்து எண்கள் இரண்டு பேரைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று இரவு ரசம் சாதத்தின்போது அப்பாவிடம் குடத்தைக் கொண்டுபோனேன். குடம் மண்ணுக்குள் இருக்கிறது என்றால், இத்தனை பேர் இத்தனை கருவி வைத்துத் தேடியும் ஏன் அகப்படவில்லை?

அப்பா எரிச்சலானார். பாடத்தைத் தப்பாகப் பிடித்துக்கொண்ட மாணவியிடம் வரும் எரிச்சல். "குடம் உலகத்துக்குச் சொன்ன உவமைம்மா. உயிருக்குச் சொன்னது இல்ல. உயிரை யாரும் பண்ணல, அது அநாதி. உயிருக்குக் கொடுக்கிறது நாலு. தனு, கரணம், புவனம், போகம். உடம்பு, மனசு முதலான கருவி, இருக்கிற உலகம், அனுபவிக்கிற அனுபவம். உங்க ஊருல முதலாவதை அளந்துட்டு நாலையும் அளந்தாச்சுங்கறாங்க."

இதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ரசத்தோடு கேட்டபோதுதான் உறைத்தது. தனு அளப்பதற்கு எளிது, அதில் நானும் கூலிக்காரி. கரணத்தையும் முயன்று பார்க்காமல் இல்லை. பன்னிரண்டு நிமிடத்தில் ஐம்பது கேள்விக்கு விடை எழுதும் ஒரு அறிவுத்தேர்வு பல காலம் இருந்தது, 2022-இல் கைவிட்டார்கள். நேர்காணல்கள் இன்னும் உண்டு. 2010-இல் டிராஃப்டுக்கு முந்திய நேர்காணல் ஒன்றில், ஒரு பையனிடம் அவன் தாயைப் பற்றிக் கேட்கவே கூடாததைக் கேட்டுவிட்டு, அணியின் மேலாளர் பிறகு பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டிவந்தது. மனதை அளக்கப் போனவர்கள் தங்கள் மனதைக் காட்டிவிட்டார்கள்.

புவனத்தை எப்படி அளப்பது? பிரேடி 2001 செப்டம்பரில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முதன்மை குவார்ட்டர்பேக் ட்ரூ பிளெட்ஸோவை எதிரணி ஆள் ஒருவர் எல்லைக்கோட்டருகே மோதிச் சாய்த்தார். மார்புக்குள் ரத்தம் கசிந்தது. அதனால்தான் பிரேடி உள்ளே போனார். அந்த மோதலை எந்தப் பிப்ரவரியில் எந்தச் சுருளுக்குள் வைத்துப் படம் எடுப்பது?

இன்னொன்று அதைவிடத் தொந்தரவானது. ஆள் பார்க்கிறவர்கள் கணிப்பதோடு நிற்பதில்லை, கணிப்பாலேயே புவனத்தைச் செய்துவிடுகிறார்கள். கூடைப்பந்தில் பாரி ஸ்டா, ஹா ஹோவாங் இருவரும் 1995-இல் காட்டினார்கள்: முன்வரிசையில் எடுத்தவனுக்கு, அவன் ஆட்டம் எப்படி இருந்தாலும், களத்தில் அதிக நேரம் தருகிறார்கள், விலை கொடுத்தாயிற்றே. மண்ணைப் பார்த்துவிட்டு, இது நல்ல மண் என்று ஒன்றுக்கு மட்டும் சக்கரத்தைக் கொடுத்து, குடம் வந்ததும் பார் நான் சொன்னேனே என்பது. எங்கள் ஊரின் செல்லப்பிள்ளை பெய்ட்டன் மானிங் 1998-இல் முதல் ஆளாக இங்கே வந்தார். முதல் பருவத்தில் அணி மூன்று ஆட்டம் வென்று பதின்மூன்று தோற்றது. அவர் எதிரணி கையில் கொடுத்த பந்துகள் 28. யாரும் அவரை உட்காரவைக்கவில்லை. இப்போது ஸ்டேடியத்துக்கு வெளியே அவருக்குச் சிலை நிற்கிறது. ஆறாம் சுற்றில் வந்த ஒருவன் 28 தடவை தவறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தச் சிலையைத் தாண்டும்போதெல்லாம் நினைப்பேன்.

ஆனால் இந்த விளக்கமும் முழுசாக ஓடாது. அதே வருஷம் இரண்டாவது ஆளாக சான் டியேகோவுக்குப் போன ரையன் லீஃப்புக்கும் சக்கரம் கிடைத்தது. மானிங்கா லீஃப்பா என்று இந்த ஊரே பட்டிமன்றம் நடத்திய காலம் அது. லீஃப் சில வருஷத்தில் விளையாட்டை விட்டே போய்விட்டார். வலி மாத்திரைக்கு அடிமையானார், மொன்டானாவில் சிறையில் இருந்தார், 2014 கடைசியில் வெளியே வந்தார். இப்போது அந்த அடிமைத்தனத்தைப் பற்றி மற்றவர்களிடம் பேசிவருகிறார். டிராஃப்டின் மிகப் பெரிய தோல்வி யார் என்ற பட்டியலில் அவர் பெயர் தவறாமல் இருக்கும். அந்தப் பட்டியலை எழுதுகிறவர்கள் போகம் எதில் முடிகிறது என்று எங்கே பார்த்தார்கள்?

அப்பாவிடம் ஒரே ஒரு இடத்தில் எனக்கு வெற்றி. டிராஃப்ட் தொடங்கிய 1936-இல் முதன்முதலாக எடுத்த ஆள் ஜே பெர்வாங்கர். அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. கேட்ட சம்பளம் ஒத்துவராமல் ரப்பர் கம்பெனியில் வேலைக்குப் போய்விட்டார். "மண்ணு மாட்டேன்னு சொல்லிடுச்சுப்பா" என்றேன். அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. ஊருக்குத் திரும்பி வகுப்பிலும் சொன்னாராம்.

என்னோடு வேலைபார்க்கும் நர்ஸ் ஒருவர் கறுப்பினப் பெண்மணி. பாப்டிஸ்ட் சபையில் பாடுகிறவர். கம்பைனை அவர் பார்ப்பதே இல்லை. முக்கால்வாசி வெள்ளைக்காரப் பணக்காரர்கள், அரைக்கால்சட்டையில் நிறுத்திய பையன்களில் பெரும்பாதி கறுப்பர்கள், கையையும் காலையும் அளந்து எழுதிக்கொள்கிறார்கள். இதற்கு மேல் எனக்கு விளக்கவேண்டுமா என்று ஒருமுறை கேட்டார். அவர் மட்டும் சொல்வதல்ல. லீகின் உயர் அதிகாரியும் முன்னாள் ஆட்டக்காரருமான டிராய் வின்சென்டே 2022-இல் இதை அடிமை ஏலத்தோடு ஒப்பிட்டுப் பேசியிருக்கிறார். நர்ஸ் அம்மாவுக்குப் பிடித்த டிராஃப்ட் சாமுவேல் ஆகமத்தில் இருக்கிறது. ஈசாயின் பிள்ளைகளில் அரசனைத் தேர்ந்தெடுக்கப் போன சாமுவேல், மூத்தவனின் உயரத்தைப் பார்த்ததும் இவன்தான் என்று நினைக்கிறார். உயரத்தைப் பார்க்காதே என்று கடவுள் தடுக்கிறார். ஏழு பேரும் கழிந்தபின், ஆடு மேய்க்கப் போன கடைக்குட்டி தாவீது வருகிறான். நல்ல கதை. ஆனால் அவனும் பார்க்க அழகாயிருந்தான் என்று உடனே அங்கே ஒரு வரி வந்துவிடுகிறது என்றேன். அவர் சிரித்து, எழுதினவன் மனுஷன்தானே என்றார்.

எங்கள் பக்கத்திலும் தரம் பிரிப்பது உண்டு. சித்தாந்தத்தில் அருள் பதிவதையே நான்காகச் சொல்வார்கள்: மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம். குரு மாணவனின் பக்குவத்தைப் பார்ப்பது அவனுக்கு என்ன கொடுக்கலாம் என்று தெரிந்துகொள்ள. அவனுக்கு என்ன விலை என்று தெரிந்துகொள்ள அல்ல. இதை நான் அப்பாவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டே போனேன். வருஷத்தில் ஐம்பத்தொரு வாரம் என் இயந்திரம் மூட்டைப் பார்ப்பது வைத்தியத்துக்காக. ஒரே ஒரு வாரம் அது தராசாகிவிடுகிறது. இயந்திரமும் அதே, நான் சொல்லும் அசையாதேயும் அதே.

சொல்லி முடித்ததும் எனக்கே ஒன்று தட்டியது. "பக்குவம் பார்க்கிறேன்னு சொல்லியே நம்ம ஊருல எத்தனை பேரை வாசலுக்கு வெளியே நிறுத்தினாங்கப்பா?"

அப்பா பதில் சொல்லவில்லை. குல்லாயைக் கழற்றி மடியில் வைத்து மடித்துக்கொண்டே இருந்தார். இப்போதும் போனில் பேசும்போது நான் அதைத் திரும்பக் கேட்பதில்லை. அவருக்கு எண்பது தாண்டிவிட்டது.

என் ஒரு வாரத்துக்கும் என்னிடம் பதில் கிடையாது. அந்த வாரத்து ஓவர்டைமில்தான் பையனின் பல்லுக்குக் கம்பி கட்டினோம்.

மூட்டுக்குப் படம் எடுக்கும்போது கால்தான் முதலில் உள்ளே போகும். தலை வெளியே இருக்கும். அதனால் பேசுவார்கள். சத்தம் நிற்கும் இடைவெளியில் முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒரே கேள்வி: எப்படி இருக்கிறது? நான் சொல்லக்கூடாது. டாக்டர் பார்த்துச் சொல்வார் என்பேன். என் முகத்தைப் படிக்கப் பார்ப்பார்கள். இருபது வருஷத்தில் அதற்கு ஒரு முகம் செய்து வைத்திருக்கிறேன். அறுபது வயதுப் பாட்டிக்கும் அதே முகம்தான். பாட்டிகள் நம்புவதில்லை, இவர்கள் நம்பிவிடுகிறார்கள்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு பையன் ஒன்றுமே கேட்கவில்லை. ராத்திரி பத்தரை மணி. விடியற்காலையில் எழுப்பிச் சிறுநீர் எடுத்ததிலிருந்து ஒவ்வொரு அறையாக அலைந்திருப்பான். காதடைப்பானை வாங்கிக்கொண்டு நன்றி அம்மா என்றான். முதல் வரிசைப் படம் முடிவதற்குள் தூங்கிப்போனான். அத்தனை சுத்தியல் சத்தத்தில் நன்றாக வாயைத் திறந்து தூங்கினான். துளி அசைவில்லை. அவ்வளவு தெளிவான மூட்டுப் படம் நான் எடுத்ததில்லை. கடைசி வரிசையும் முடிந்து இயந்திரம் ஓய்ந்தது. திரையில் என்ன இருந்தது என்பது அவனுக்கும் டாக்டருக்கும் உள்ளது. அடுத்த மூட்டு வரத் தாமதமாகிறது என்று கீழேயிருந்து போன் வந்தது. மேசையை வெளியே இழுக்காமல், அறை விளக்கைக் குறைத்துவிட்டு, கண்ணாடிக்குப் பின்னால் ஒன்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.